ஞாயிற்றுக்கிழமை எஞ்சின்

கண்ணையனுக்குப் பொய் சொல்ல வராது. புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனால் அடுத்தவர் தாமாக வந்து ஒரு பொய்யைக் கையில் கொடுத்தால், வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கிற தைரியமும் அவருக்குக் கிடையாது. மனுஷன் பட்ட பாடெல்லாம் இதனால்தான்.

மில்லில் வேலை பார்த்த காலத்தில், புதிதாக வந்த மேஸ்திரி முதல் நாளே அவரைப் பக்கத்து மிஷின் ஆள் என்று நினைத்துக்கொண்டு திட்டினார். 'ஐயா, அது நானில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரிய மனுஷர் மனசு சங்கடப்படுமே என்று கண்ணையன் தலையைக் குனிந்துகொண்டார். மில்லை விட்டு வரும்வரை பக்கத்து மிஷின்காரனுக்கு விழ வேண்டிய திட்டெல்லாம் இவருக்கே விழுந்தது. கல்யாணத்திலும் இதே கூத்து. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தாய்மாமன், "மாப்ள நல்லா பாடுவாராமே" என்றார். யாரோ எதையோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இவர் சிரித்து வைத்தார். அவ்வளவுதான், நிச்சயதார்த்தத்தில் பந்தல் நிறைய ஆட்களுக்கு முன்னால் பாட வேண்டியதாகிவிட்டது. அவர் மனைவி அஞ்சலாட்சிக்கு இன்றைக்கும் கோபம் வந்தால் சண்டை போட மாட்டாள். அவர் பாடிய மாதிரியே அந்தப் பாட்டைப் பாடிக் காட்டுவாள்.

மில் வேலை போன பிறகு லைசென்ஸ் எடுத்து ஆக்டிங் டிரைவர் ஆனார். கார் இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது என்கிற வீடுகளுக்குக் கூப்பிட்ட அன்றைக்குப் போய் ஓட்டிக் கொடுக்கிற வேலை. நாலைந்து வீடு மாறிக் கடைசியில் பாஸ்கால் முசே வீட்டில் நிலைத்தார். உள்ளூர்த் தமிழர்தான், பிரெஞ்சு ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றதால் பிரெஞ்சு வழக்கப்படி ஐயாவுக்குப் பதில் முசே. கண்டிப்பான ஆள், ஆனால் தங்கமான மனுஷன். மதியம் ஆனால் டிரைவரையும் தன் மேசையில் உட்கார வைத்துத்தான் சாப்பிடுவார். ஐம்பது வயதுக்கு மேல் தன்னை ஒரு ஆளாக மதித்து நாற்காலி இழுத்துப் போட்ட ஒரே வீடு அதுதான் என்று கண்ணையன் அஞ்சலாட்சியிடம் அடிக்கடி சொல்வார். அந்த நாற்காலியை இழந்துவிடக்கூடாது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கவலை. ஏனென்றால் முசேவிடம் பொய்க்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. முன்னால் இருந்த டிரைவர் கார் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு அதே காரில் மச்சினன் கல்யாணத்துக்குப் போய் வந்தான். வாசலிலேயே சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

முசேவின் கார் வெள்ளை நிறத்துப் பிரெஞ்சுக் கார். பெட்ரோல் வண்டி. ஊரில் அது மாதிரி இன்னொன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "அல்ஜீரியாவுல லாரி ஓட்டுனவன் நானு. எஞ்சின் சத்தத்த வச்சே அதுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லுவேன்" என்பார். ஓட்ட முடியாதபடி முட்டி போய்விட்டாலும் காது போகவில்லை என்பது அவர் கட்சி.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஏப்ரலில், முசேவும் அவர் மனைவி ஜூஸ்தின் மதாமும் பாரீஸுக்குப் பக்கத்தில் இருக்கிற மகன் வீட்டுக்கு மூன்று மாதம் போனார்கள். போகும்போது கேட் சாவியையும் கார் சாவியையும் ஒரு செல்போனையும் கண்ணையனிடம் கொடுத்து, "ஞாயித்துக்கிழம தோறும் வண்டிய ஸ்டார்ட் பண்ணி அரியாங்குப்பம் வரைக்கும் போயிட்டு வா. நிறுத்திப் போட்டா வண்டி செத்துப்புடும்" என்றார் முசே. கண்ணையனும் தலையை ஆட்டினார். செய்யக்கூடாது என்ற எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சாவியோடு கிளம்பியும் விட்டார். வழியில் டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு டீ. அங்கே அவருடைய சிநேகிதர் ராமலிங்கம் தன் டீசல் அம்பாசடரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. பிரான்சிலிருந்து முசே.

"கண்ணையா, என்னா பண்ற" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இரு இரு. அது நம்ம வண்டி சத்தந்தான? போன அப்புடியே எஞ்சின்கிட்ட காட்டு."

கண்ணையன் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. கை மட்டும் போனை அம்பாசடரின் பக்கம் நீட்டியது. அந்தப் பக்கம் முசே வீட்டிலுள்ளவர்களை எல்லாம் அதட்டி அடக்குவது கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு. "வொய்லா. என்னா கம்பீரம் பாரு. மெர்சி கண்ணையா." போன் வைத்தாயிற்று. கண்ணையன் 'ம்' என்றுகூடச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

அடுத்த வாரமாவது ஒழுங்காக முசே வீட்டுக்குப் போய்க் காரை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அஞ்சலாட்சியும் அதைத்தான் கேட்டாள். அங்கேதான் சிக்கல். போன வாரம் கேட்ட சத்தம் டீசல். இந்த வாரம் பெட்ரோல் வண்டியின் சத்தத்தைக் காட்டினால், எஞ்சினுக்கு வைத்தியம் பார்க்கிற அந்தக் காது சும்மா விடுமா? ஆகவே ஞாயிறு தோறும் பிற்பகலில் கண்ணையன் ஸ்டாண்டுக்குப் போவார், ராமலிங்கத்துக்கு டீயும் மசால்வடையும் வாங்கிக் கொடுப்பார், போன் வந்ததும் அம்பாசடரை உறுமவிடச் சொல்லிக் காட்டுவார். சவாரி வந்துவிட்டால் ராமலிங்கத்தின் காலைப் பிடிக்காத குறையாக நிறுத்தி வைப்பார். அந்த அலைச்சலில் கால்வாசி போதும், நிஜக் காரையே எடுத்து அரியாங்குப்பம் என்ன, கடலூர் வரைக்கும் போய் வந்திருக்கலாம். போன் வைத்ததும் அன்றைய வேலை முடிந்துவிட்ட மாதிரி ஒரு களைப்பு வந்துவிடும் அவருக்கு. நிஜக் காரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். நாளைக்கு நாளைக்கு என்றே ஜூலை வந்துவிட்டது.

முசேவும் மதாமும் சென்னையிலிருந்து வாடகை வேனில் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். மறுநாள் ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய தினம். கடற்கரைச் சாலையில் இருக்கிற போர் நினைவுச் சின்னத்தில், பழைய சிப்பாய்கள் எல்லாம் மெடல் குத்திக்கொண்டு அணிவகுப்பார்கள். பல வருஷம் காத்திருந்து, அந்த வருஷம்தான் கொடி பிடிக்கும் முறை முசேவுக்கு வந்திருந்தது. அதற்காகவே பயணத்தை முன்னால் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

கண்ணையன் அன்று மாலையே ராமலிங்கத்திடம் சார்ஜ் ஏற்றிய பேட்டரி ஒன்றை வாங்கிக்கொண்டு போய், வண்டி துடைக்கிற சாக்கில் மாட்டிவிட்டார். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம் என்று சாவியைப் போட்டதும், "சத்தம் போடாதப்பா, முசே இப்பதான் கண்ணசந்தாரு" என்றார் மதாம். சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார்.

காலையில் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்டோடு வந்து சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பிவிட்டது. ஆண்டவனே என்று கும்பிடக் கையை எடுப்பதற்குள் எஞ்சின் முக்கியது, குலுங்கியது, நின்றுவிட்டது. மறுபடி திருப்பினார். கிளம்பியது, நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்தார், சோக்கை இழுத்துப் பார்த்தார், மாரியம்மனையும் வேளாங்கண்ணி மாதாவையும் சேர்த்து வேண்டிப் பார்த்தார். கிளம்புவதில் ஒரு குறையும் இல்லை. கிளம்பின கையோடு நின்றுவிடுகிறது. நிறுத்திப் போட்டா செத்துப்புடும் என்று முசே சொன்னது காதில் ஒலித்தது. கொன்னுட்டேன், வண்டியக் கொன்னுட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே பானெட்டைத் திறந்தார்.

உடனே ராமலிங்கத்துக்குப் போன் போட்டார். சற்று நேரத்தில் அம்பாசடர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. ராமலிங்கம் எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். அவ்வளவுதான், உள்ளேயிருந்து முசேவின் குரல் கேட்டது.

"வொய்லா. நான் சொல்லல? கெளம்பிடுச்சு பாரு நம்ம வண்டி."

மெடலெல்லாம் குலுங்க, கழுத்தில் பாதி கட்டிய டையோடு கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். வெள்ளைக் கார் வாயைத் திறந்துகொண்டு செத்துக் கிடந்தது. வெளியே டாக்ஸி உறுமிக்கொண்டிருந்தது. முசே இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார்.

"யாரு வண்டி அது? சத்தம் அப்புடியே நம்ம வண்டி மாதிரியே இருக்குதே."

பின்னாலேயே வந்த ஜூஸ்தின் மதாம் அம்பாசடரைப் பார்த்தார். பிறகு கண்ணையனைப் பார்த்தார். கண்ணையன் கார் டயரைப் பார்த்தார்.

"யோவ், மொதல்ல போய் அத அணை" என்று ராமலிங்கத்தின் காதைக் கடித்தார்.

ராமலிங்கம் வண்டி வைத்தியத்தில் இறங்கினார். "எஞ்சினுக்கு மூணே மூணுதான் வேணும். கரண்ட்டு, பெட்ரோலு, காத்து" என்று ஆரம்பித்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பொறி நன்றாகத் தெறித்தது. காற்று வடிகட்டியைத் திறந்து ஊதினார், சுத்தமாக இருந்தது. பெட்ரோல் வரும் குழாயைப் பிடுங்கினார், தாராளமாக வந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"இது கெட்டுப்போன பெட்ரோலுய்யா. எம்மாம் நாளா வண்டி நிக்..." என்று கேட்கும்போதே கண்ணையனின் செருப்புக் கால் அவர் முழங்காலில் போய் விழுந்தது.

"கெட்டுப்போச்சா? ஏன் கெட்டுப்போவுது? மாசத்துக்கு ரெண்டு வாட்டி புதுசா போட்டிருப்ப இல்ல கண்ணையா?" என்றார் முசே.

"ம்."

"அப்போ பங்க்குல கலப்படம் பண்ணிட்டானுவ."

"ம்."

இதைவிடக் கொடுமை உண்டா, சொல்லுங்கள். நிறுத்தி வைத்ததால் வந்த கோளாறுதான் என்று கண்ணையனுக்கு உள்ளுக்குள் நிச்சயம். ராமலிங்கம் எதைச் சொன்னாலும் அந்தப் பக்கமே போய் முட்டியது. வைத்தியர் சரியான இடத்தைத் தொடும்போதெல்லாம் கையைத் தட்டிவிடுகிற நோயாளி மாதிரி ஆகிவிட்டது அவர் நிலைமை. பக்கெட்டில் கொஞ்சம் நல்ல பெட்ரோல் வாங்கி வந்து நேராகக் கொடுத்துப் பார்த்தார்கள். கிளம்பியது, நின்றது.

"மூணும் சரியா இருக்குது. அப்பறமும் நிக்குதுன்னா எவனோ செய்வென வச்சிருக்கான்" என்று ராமலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டார்.

முசே கடிகாரத்தைப் பார்த்தார். "ஆட்டோ புடிக்கலாம்ங்க" என்றார் மதாம். "கொடி புடிக்கப் போறவன் ஆட்டோவுல போய் எறங்கவா" என்றார் முசே. பிறகு அம்பாசடரைப் பார்த்தார். "சரி, அலோர், இதுலயே போவலாம். நல்ல எஞ்சினு. வழியெல்லாம் கேட்டுக்கினே போறேன்."

உப்பளத்திலிருந்து கடற்கரை வரைக்கும் அந்தக் காது அம்பாசடருக்குள் உட்கார்ந்து வந்தால் கதை முடிந்தது. மூன்று மாதம் ஞாயிறு தோறும் கேட்ட ஒவ்வொரு இருமலையும் அது அடையாளம் கண்டுகொள்ளும்.

"முசே, ஒரே ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க. ராமலிங்கம், நீ ஸ்டார்ட் பண்ணு, நான் பின்னாலருந்து தள்ளிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் பின்னால் போய்விட்டார். தள்ளினால் ஆகுமென்ற நம்பிக்கை ஒன்றும் இல்லை. முசேவின் முகத்தைப் பார்க்காத இடமாக அது ஒன்றுதான் இருந்தது.

ராமலிங்கம் சாவியைத் திருப்பினார். எஞ்சின் கிளம்பி முக்கியது. குனிந்து தள்ளிக்கொண்டிருந்த கண்ணையனின் கண்ணுக்கு நேராகச் சைலன்சர் குழாய் இருந்தது. வண்டி ஓடினால் அங்கே புகை வர வேண்டும். புகை வரவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி ஒன்று மூக்கை நீட்டியது. எஞ்சின் நின்றது. "இன்னொரு வாட்டி" என்றார் கண்ணையன். மறுபடி முக்கியபோது இன்னும் ஒரு விரற்கடை வெளியே வந்தது. பிடித்து இழுத்தார். இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது, காலைக் காரில் உதைத்து இழுத்ததும் பொளக்கென்று வந்து விழுந்தது. ராணுவத்துக் கம்பளி சாக்ஸ். உள்ளே கந்தல் துணியும் பாச்சை உருண்டையும் அடைத்து வாயைச் சணலால் கட்டியிருந்தது.

எலி! போன வருஷம் எதிர்வீட்டு ஸ்கூட்டரின் சைலன்சருக்குள் எலி குட்டி போட்டதை மதாம் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. மதாம்தான் ஊருக்குப் போகும்போது இதை அடைத்துவிட்டு, சொல்ல மறந்து போயிருக்கிறார். உள்ளே போகிற காற்றுக்கு வெளியே வர வழியில்லாமல்தான் வண்டி மூச்சுத் திணறி நின்றிருக்கிறது. வண்டி சாகவில்லை. கண்ணையனுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, பாதியிலேயே செத்தது. ஏப்ரலில் வைத்த சாக்ஸ் ஜூலையில் அங்கேயே இருக்கிறதென்றால், நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இந்தக் காரை யாரும் எடுக்கவில்லை என்று அர்த்தம். இதைக் காட்டி 'முசே, கோளாறு இதுதான்' என்று சொன்னால், தன் கழுத்தில் தானே கயிறு மாட்டிக்கொள்வது மாதிரிதான்.

சட்டென்று சாக்ஸைச் சுருட்டி பேண்ட் பாக்கெட்டில் திணித்தார். "இப்பப் போடு" என்றார். கார் கிளம்பியது. நிற்கவில்லை. பூ மாதிரி ஓடியது.

"பிராவோ கண்ணையா. என்னாதான் கோளாறு?" என்றார் முசே.

"காத்து முசே" என்றார் கண்ணையன். அதுவும் பொய்யில்லை.

கடற்கரைக்கு நேரத்தோடு போய்விட்டார்கள். முசே நீலக் கோட்டும் மெடலுமாகக் கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். முட்டி வலிக்கிறது என்பது கண்ணையனுக்குத் தெரியும், கொடி ஒரு இம்மி சாயவில்லை. இரண்டு தேசத்துக் கீதமும் வாசித்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் பாக்கெட்டை ஒரு கையால் மறைத்துக்கொண்டு நின்ற கண்ணையனுக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு மனுஷனை மூன்று மாதமாக ஏமாற்றிவிட்டோமே. வேலை போனால் போகட்டும், சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினார். அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு முடிவு எடுத்தது அதுதான் முதல் தடவை.

திரும்பி வரும்போது முசே முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். பாதி வழியில் தலையை ஆட்டினார்.

"இல்ல. சத்தம் மெலிஞ்சிருக்குது. போன்ல கேட்டப்ப என்னா கனமா இருந்துச்சு. என்னாமோ ஆயிருக்குது வண்டிக்கு. நாளைக்கே மெக்கானிக்குகிட்ட உடு. அந்தப் பழைய சத்தம் திரும்ப வரணும்."

கண்ணையன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "முசே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கண்ணையா, ரோட்டப் பாத்து ஓட்டு" என்றது பின் சீட்டிலிருந்து ஜூஸ்தின் மதாமின் குரல். அதட்டலாக இருந்தது. கண்ணையன் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

வீட்டில் முசே கோட்டைக் கழற்ற உள்ளே போனதும் மதாம் கார் ஷெட்டுக்கு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கையை நீட்டினார். கண்ணையன் பாக்கெட்டிலிருந்து சாக்ஸை எடுத்துக் கொடுத்தார். வெள்ளை பேண்ட் தொடை வரைக்கும் கரியாகியிருந்தது.

"நீ இழுக்கும்போதே பாத்தேன். அந்த டாக்ஸிதான?"

"ஆமா மதாம். தப்புதான். நானே முசேகிட்ட சொல்லிட்டு நின்னுக்கறேன்."

"மூச்சு உடாத" என்றார் மதாம். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்க புள்ள வீட்டுல எல்லாரும் அவங்கவங்க வேலைய பாத்துக்கினு போயிடுவாங்க. பேரப்புள்ளைங்க இவுரு பேச ஆரம்பிச்சா எழுந்து போயிடும். மனுஷன் ஜன்னல பாத்துக்கினே ஒக்காந்திருப்பாரு. ஞாயித்துக்கிழம மட்டுந்தான் அவுருக்குப் பேச்சு. போன மேச நடுவுல வச்சுடுவாரு. எல்லாரும் பேச்ச நிறுத்திட்டுக் கேக்கணும். கேளுங்க, நம்ம தெருவுல நிக்குற நம்ம வண்டின்னுவாரு. அன்னிக்கு ஒரு வேளதான் ஒழுங்கா சாப்புடுவாரு. அது வாடக டாக்ஸின்னு இப்பப் போயி சொல்லுவியா நீ?"

திட்டி அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"வர்ற ஏப்ரல்ல மறுபடி போறோம். வாரா வாரம் வண்டிய ஒழுங்கா எடுத்து ஓட்டு, சாக்ஸெல்லாம் வைக்க மாட்டேன். ஆனா போன் வந்தா அந்த டாக்ஸி சத்தந்தான் கேக்கணும். மாத்திப்புட்டா கண்டுபுடிச்சுடுவாரு. மெலிஞ்சிருக்குதுன்னு சொன்னதுக்கு நான் எதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன். புரிஞ்சுதா?"

"ம்" என்றார் கண்ணையன்.

உள்ளேயிருந்து முசே சாப்பிடக் கூப்பிட்டார். மேசையில் அவருக்கும் தட்டு வைத்திருந்தது. கண்ணையன் போய் உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தார். பேண்டைக்கூட மாற்றாமல் நேராக டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனார். ராமலிங்கம் வண்டிக்குள் கால் நீட்டிப் படுத்திருந்தார். அவரைத் தட்டி எழுப்பி, "யோவ், இந்த வண்டி இன்னும் எத்தன வருஷம்யா ஓடும்?" என்று கேட்டார்.